ஒரிஜினல் என்றால் அதில் ஒரு குறை இருக்க வேண்டும்

கேள்வி: பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்டில் வேலை செய்கிறேன். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவன். பழைய கம்ப்யூட்டர் சிப்களைச் சேர்த்து வைப்பதில் ஆசை. பெங்களூரில் பழைய எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ஒருவர், மாஸ் டெக்னாலஜி 6502 பிராசசர், 1975 தயாரிப்பு, வெள்ளைச் செராமிக், முதல் ஆப்பிள் கம்ப்யூட்டரில் போட்டது இதைத்தான் என்று சொல்லி 32,000 ரூபாய் கேட்கிறார். தர்மபுரிப் பக்கம் ஒரு பள்ளியில் கழித்துப் போட்ட பிபிசி கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியதாம். அதே மாதிரி இன்னும் மூன்று வைத்திருக்கிறாராம். 3,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ஐந்து போட்டோ அனுப்பியிருக்கிறேன். ஒரிஜினலா, டூப்ளிகேட்டா? வாங்கலாமா?

பதில்: தம்பி, முதல் வேலையாக மிச்சப் பணத்தை நிறுத்தி வையுங்கள். போட்டோவை மட்டும் பார்த்து டூப்ளிகேட் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொல்லும் கதையும் அந்த சிப்பும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. இரண்டில் ஏதோ ஒன்று பொய். கதை மட்டும் பொய்யாக இருந்து, சிப் நிஜமாக இருக்கவும் கூடும். பழைய சாமான் வியாபாரத்தில் கதை என்பது கொசுறு கறிவேப்பிலை மாதிரி, கேட்காமலே பையில் விழும்.

கதை எங்கே இடிக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். அந்த பிபிசி கம்ப்யூட்டரை, முழுப் பெயர் பிபிசி மைக்ரோ, இங்கிலாந்தில் ஏக்கார்ன் நிறுவனம் வெளியிட்டது 1981 டிசம்பரில். நம் நாட்டுப் பள்ளிகளுக்கு அது வந்தது 1984-85 வாக்கில், பள்ளிகளில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க மத்திய அரசு கொண்டுவந்த 'கிளாஸ்' திட்டத்தில். அதற்குள் இருப்பதும் 6502 வகைதான், ஆனால் 2 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடிய 6502ஏ. உங்கள் சிப்பில் போட்டிருக்கும் தேதிப்படி அது 1 மெகாஹெர்ட்ஸ் சரக்கு. ஆறு வருடம் பழைய, பாதி வேகச் சிப்பை எடுத்துப் புதுக் கம்ப்யூட்டரில் யாரும் சொருக மாட்டார்கள். சொருகினாலும் அந்தக் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. அதற்கு வேகத்தை விட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கான பதிலே அதில்தான் இருக்கிறது.

இன்னொன்று. இரண்டாவது போட்டோவின் ஓரத்தில் பக்கத்துச் சிப்பின் பாதி தெரிகிறது, கவனித்தீர்களா? அதிலும் 3975 என்றே அச்சாகியிருக்கிறது. மாஸ் டெக்னாலஜி வாரத்தை முன்னாலும் ஆண்டைப் பின்னாலும் போடுவது வழக்கம். அதாவது 1975-இன் 39-ஆவது வாரம், செப்டம்பர் கடைசி. சிப்களை அடுக்கி அனுப்பும் பிளாஸ்டிக் டியூப் ஒன்றிலேயே வந்த புதுச் சரக்கு என்றால் நான்கிலும் ஒரே வாரம் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் கழற்றியது பள்ளிக் கம்ப்யூட்டரிலிருந்து என்கிறார். ஒரு பிபிசி கம்ப்யூட்டரில் பிரதான பிராசசர் ஒன்றுதான். நான்கு கம்ப்யூட்டர், நான்கிலும் 1975-இன் அதே வாரத்துச் சிப் என்றால், சரி, நம் அரசாங்க கொள்முதலில் என்னவெல்லாமோ நடந்திருக்கிறது, ஆனால் இது நடந்திருக்காது.

போதாததற்கு ஐந்தாவது போட்டோவில் கால்களைப் பாருங்கள். நாற்பதும் நெட்டுக்குத்தாக, பளிச்சென்று, ஒரு கீறல் இல்லை. சாக்கெட்டில் பல வருடம் உட்கார்ந்து வந்த சிப் என்றால் ஒவ்வொரு காலின் இரு பக்கமும் சாக்கெட்டின் கவ்வி உரசிய கோடு இருக்கும். நெம்பி எடுக்கும்போது கடைசிக் கால் ஒன்றிரண்டாவது வளைந்திருக்கும். போர்டில் பற்றவைத்தது என்றால் ஈய மிச்சம் ஒட்டியிருக்கும். இதில் இரண்டும் இல்லை.

ஏன் இந்தச் சிப்புக்கு இவ்வளவு ஆசை என்பதையும் சொல்லிவிடுகிறேன், விலை எங்கிருந்து வருகிறது என்று புரியும். 1975 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த வெஸ்கான் என்ற எலெக்ட்ரானிக்ஸ் கண்காட்சி சமயத்தில் 6502-ஐ 25 டாலருக்கு விற்றார்கள். இன்டெலின் 8080 பிராசசர் வெளிவந்தபோது அதன் விலை 360 டாலர். அரங்குக்குள் விற்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் ஹோட்டல் அறையில் கண்ணாடி ஜாடி நிறையச் சிப்பை வைத்து விற்றார்கள். ஜாடியின் மேல் பக்கத்தில் இருந்தவைதான் வேலை செய்யும் சிப், அடியில் கிடந்தவை ஜாடி நிறைந்து தெரிவதற்காகப் போட்ட கழிவு என்று அந்தக் குழுவின் தலைவர் சக் பெடிலே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஆக, இந்தச் சிப்பின் சரித்திரமே கொஞ்சம் வாழைப்பழத் தார் வியாபாரம் மாதிரிதான் தொடங்கியிருக்கிறது. அடுத்த வருடம் வந்த ஆப்பிள்-1 கம்ப்யூட்டரில் போட்டது இதே 6502. அந்தக் கம்ப்யூட்டரே ஏறக்குறைய 200தான் செய்தார்கள். இன்று அதற்கு நகல் போர்டு செய்து பார்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அந்தக் காலத்து வெள்ளைச் சிப்பையே அதில் வைக்க வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். தேடுகிறவர்கள் நூறு பேர், பொருள் பத்து என்றால், பதினொன்றாவதை யாராவது அச்சடிக்கத்தானே செய்வார்கள்?

அச்சு என்றதும் ஒரு விஷயம். சிப்பில் போலி செய்ய மிகச் சுலபமானது அதன் மேல் இருக்கும் எழுத்துதான். நல்ல போட்டோ ஒன்று கிடைத்தால் போதும், லோகோ, எம்சிஎஸ் 6502 என்ற பெயர், தேதி எல்லாம் அப்படியே வந்துவிடும். எம்சிஎஸ் என்றால் செராமிக், எம்பிஎஸ் என்றால் பிளாஸ்டிக் என்பதுகூட போலி செய்கிறவனுக்குத் தெரியும். உங்கள் சிப்பில் எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அதனால் எழுத்தை மறந்துவிடுங்கள். எழுத்து எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

இந்த இடத்தில் உங்கள் தொழில் உங்களுக்குக் கைகொடுக்கும். கறுப்புப் பிளாஸ்டிக் சிப் என்றால் போலி செய்கிறவன் மேல்பக்கத்தை உரசிப் பழைய எழுத்தை எடுத்துவிடுவான், அதன் மேல் கறுப்புப் பூச்சு பூசுவான், பிறகு புது எழுத்து. கல்லில் பட்டை ஓடிய தடம் உங்கள் கண்ணுக்குத் தப்பாது, அதே கண்ணோடு பார்த்தால் போதும். பூச்சு பூசிய மேல்பக்கமும் பூசாத விளிம்பும் ஒரே மாதிரி மினுங்காது. ஒன்றாம் காலைக் காட்டும் சின்னக் குழி பூச்சில் பாதி மூழ்கியிருக்கும்.

வெள்ளைச் செராமிக்கில் அந்தக் கதை வேறு. அது அலுமினா. நீங்கள் தேய்க்கும் எமரியில் கடித்து வேலை செய்வதும் அதே அலுமினாதான். கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸை விடவும் கடினம். எமரித் தாளால் அதைத் தேய்த்தால் தாள்தான் தேயும். அதனால் வெள்ளைச் சிப்பில் உரசல் தடத்தைத் தேடி, காணோம், ஆகவே ஒரிஜினல் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அதில் பழைய எழுத்தைக் கரைசல் போட்டுத் துடைப்பார்கள். துடைத்தாலும் பல நேரம் செராமிக்கின் நுண்துளைகளில் பழைய மையின் சாயல் தங்கிவிடும். நேராக மேலிருந்து விளக்கடித்தால் தெரியாது. நம் பக்கத்து நடுகல்லில் தேய்ந்த எழுத்தைச் சாயங்கால வெயிலில் பக்கவாட்டாக நின்று படிப்பார்களே, அந்த மாதிரி விளக்கைச் சிப்பின் ஓரத்தில் படுக்கவைத்து அடித்து, நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கும் 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். உங்கள் மூன்றாவது போட்டோவைப் பெரிதாக்கியபோது 6502 என்ற எண்ணுக்குச் சற்று மேலே ஒரு மங்கலான கோடு தெரிந்தது. பழைய எழுத்தின் வாலா, விரல் அழுக்கா, போட்டோவை வைத்துச் சொல்ல முடியாது. நேரில் பார்த்தால் அரை நிமிட வேலை.

அசிட்டோன் போட்டுத் துடைத்துப் பார்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இதில் எனக்கு ஒரு வெற்றியும் ஒரு அவமானமும் உண்டு.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இன்கமிங் இன்ஸ்பெக்ஷனில், அதாவது வந்து இறங்கும் சரக்கைச் சோதிக்கும் பிரிவில், பல வருடம் இருந்தேன். ஒரு தடவை ஏஜென்ட் மூலம் வந்த ஐசி (சிப்) டியூப் ஒன்றைப் பிரித்தேன். மேலே எல்லாவற்றிலும் ஒரே தேதி. திருப்பிப் போட்டால், வார்ப்பு அச்சில் விழும் வட்டக் குழி சிலதில் ஒன்று, சிலதில் இரண்டு. ஒன்றில் மலேசியா, பக்கத்தில் கிடந்ததில் பிலிப்பைன்ஸ். மேலே பார்த்தால் ஒரு தாய் பிள்ளைகள், கீழே பார்த்தால் யாரோ எவரோ. காது குடையும் பஞ்சுக் குச்சியை அசிட்டோனில் நனைத்து ஒரு மூலையில் பத்து தடவை தேய்த்தேன். பஞ்சு கரி தொட்ட மாதிரி ஆனது. பூச்சு கரைந்த இடத்தில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள், அவற்றுக்கு அடியில் வேறொரு எண்ணின் கடைசி இலக்கம். மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பினோம். அன்றைக்கு மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தத் தைரியத்தில், நண்பர் ஒருவர் கொண்டுவந்த பழைய செராமிக் சிப்பின் எழுத்தின் மீதே அசிட்டோனை வைத்தேன். எழுத்து போய்விட்டது. நான் பெருமையாக நிமிர்ந்து பார்த்தேன். பிறகு சோதித்தால் சிப் சுத்தமான ஒரிஜினல். 70-களில் அடித்த மை எல்லாமே கரைசலைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. அந்த நண்பர் இன்றும் கடைக்கு வருவார், ஆனால் எந்தச் சிப்பையும் என் கையில் கொடுக்க மாட்டார், தூரத்திலிருந்து காட்டுவார். ஆகவே வெள்ளைச் சிப்பின் எழுத்தில் அசிட்டோன் வேண்டவே வேண்டாம்.

இனி சிப்பைப் பேச வைப்போம். முதலில் மின்சாரமே இல்லாமல் ஒரு சோதனை. மல்டிமீட்டரைக் குறைந்த ஓம் அளவில் வைத்து 1-ஆம் காலையும் 21-ஆம் காலையும் தொடுங்கள். 6502-இல் இரண்டுமே கிரவுண்டு, உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்தவை. தொடர்பே காட்டவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம், அது வேறு ஏதோ சிப். வெள்ளை உடம்பும் நாற்பது காலும் உள்ள சிப் அந்தக் காலத்தில் எத்தனையோ வகை வந்தது. இசட்80 பிராசசர் என்றால் கிரவுண்டு 29-இல் இருக்கும், 8085 பிராசசர் என்றால் 20-இல். தொடர்பு காட்டினால் அடுத்த படிக்குப் போகலாம், அவ்வளவுதான். அதுவே சான்றிதழ் இல்லை.

அடுத்தது பிரெட்போர்டு, பற்றவைக்காமல் வயரைச் சொருகி இணைக்கும் பலகை. 8-ஆம் காலுக்கு 5 வோல்ட், 1-க்கும் 21-க்கும் கிரவுண்டு, 37-க்கு 1 மெகாஹெர்ட்ஸ் கிளாக். 2, 4, 6, 38 நான்கையும் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டுக்குக் கட்டிவிடுங்கள். 26-லிருந்து 33 வரை உள்ள எட்டு டேட்டா கால்களை 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 1, 1, 1, 0, 1, 0, 1, 0 என்ற வரிசையில் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இழுத்துவிடுங்கள். 6502 மொழியில் இதற்கு அர்த்தம் 'சும்மா இரு, அடுத்ததைப் பார்'. 40-ஆம் காலைக் கிரவுண்டில் தொட்டு ரீசெட் செய்து விட்டால் சிப் ஒவ்வொரு முகவரியாக எண்ணிக்கொண்டே போகும். ஒரு முகவரிக்கு 2 மைக்ரோ செகண்ட், மொத்தம் 65,536 முகவரி. ஒரு சுற்றுக்கு 0.13 செகண்ட். கடைசி அட்ரஸ் காலான 25-இல் டிரான்சிஸ்டர் வழியாக ஒரு எல்இடி வைத்தால் அது செகண்டுக்கு ஏழெட்டு தடவை துடிக்கும். முதல் தடவை பார்க்கும்போது நன்றாக இருக்கும். ஐம்பது வருடம் சும்மா கிடந்த பொருளுக்கு நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி.

நாடி துடித்தால் அது 6502 குடும்பம். ஆனால் எந்த வருடத்து 6502? இங்கேதான் முன்பு தள்ளிப்போட்ட விஷயம் வருகிறது.

1975-இல் வந்த 6502-களில் ஒரு கட்டளை கிடையாது. ஆர்ஓஆர் என்று பெயர், பிட்டுகளை வலப்பக்கம் சுழற்றும் கட்டளை. மாஸ் டெக்னாலஜியின் கையேட்டிலேயே, இந்தக் கட்டளை 1976 ஜூனுக்குப் பிறகு வரும் சிப்களில் கிடைக்கும் என்று அச்சடித்திருந்தார்கள். ஆகவே உங்கள் சிப்பில் உள்ள 3975 நிஜம் என்றால் அதற்கு ஆர்ஓஆர் தெரியக் கூடாது. தெரிந்தால் தேதி பொய். பிபிசி கம்ப்யூட்டர் இந்தச் சிப்போடு எழுந்திருக்காது என்று சொன்னேனே, காரணம் இதுதான். அதன் ரோமில், அதாவது நிலையான நினைவகச் சிப்பில், புரோகிராம் எழுதியிருப்பவர்கள் அந்தக் கட்டளை இருக்கும் என்று நம்பி எழுதியவர்கள். 'கம்ப்யூட்டரில் போட்டேன், சூப்பராக ஓடுகிறது' என்று அந்த வியாபாரி சொன்னால் அது சிப்புக்கு நற்சான்றிதழ் இல்லை தம்பி, ஒப்புதல் வாக்குமூலம்.

போலி செய்கிறவன் மேலே என்ன வேண்டுமானாலும் எழுதலாம். உள்ளே இருக்கும் சிலிக்கானிலிருந்து ஒரு கட்டளையைப் பிடுங்கிப் போட அவனால் முடியாது.

சோதனையும் ரொம்பச் சின்னது. என்னிடம் சின்ன போர்டு ஒன்று இருக்கிறது, புரோகிராமை எழுதி வைக்கும் ஈப்ராம் சிப், எட்டு எல்இடி, இழுத்தால் விடும் ஜிஃப் சாக்கெட். 38, ஏ9, 01, 6ஏ என்ற நான்கு பைட் (இவையும் விடையும் பதினாறை அடியாகக் கொண்ட ஹெக்ஸ் எண்கள்), பிறகு விடையை எல்இடிக்கு அனுப்ப ஒரு கட்டளை. கேரி என்ற ஒற்றை மிச்ச பிட்டை 1 ஆக்கு, அக்யூமுலேட்டர் என்ற கணக்குப் பெட்டியில் 01 போடு, வலப்பக்கம் சுழற்று. ஆர்ஓஆர் தெரிந்த சிப் 80 என்று விடை தரும், இடது கோடி எல்இடி எரியும். 1975 சிப்போ அந்தக் கட்டளையை அரைகுறையாகப் புரிந்துகொண்டு எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். விடை 02, வலமிருந்து இரண்டாவது எல்இடி எரியும். 32,000 ரூபாய் எந்த எல்இடி எரிகிறது என்பதில் இருக்கிறது.

80 வந்தால் இன்னொரு கட்டளையும் ஓட்டிப் பார்ப்பேன், ஆர்வத்துக்காக. என்மாஸ் என்ற பழைய தயாரிப்பு முறையில் வந்த 6502-களில் மறைமுகத் தாவலில், அதாவது போக வேண்டிய முகவரியை நினைவகத்திலிருந்து படித்துத் தாவுவதில், ஒரு பிழை உண்டு, அந்த முகவரி ஒரு நினைவகப் பக்கத்தின் கடைசி பைட்டில் தொடங்கினால் மறுபாதியை அடுத்த பக்கத்திலிருந்து எடுக்காமல் அதே பக்கத்தின் முதல் பைட்டிலிருந்து எடுத்துவிடும். பிற்பாடு சிமாஸ் என்ற புது முறையில் வந்த 65சி02-இல் அதைச் சரிசெய்துவிட்டார்கள். உங்கள் சிப் சரியான இடத்துக்குத் தாவினால், 80-களில் வந்த சிப்புக்கு 1975 சட்டை போட்டுவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கையால் தொட்டாலே ஓரளவு தெரியும், என்மாஸ் சிப் ஓடும்போது கதகதவென்று இருக்கும், சிமாஸ் குளிர்ந்தே கிடக்கும்.

02 வந்தால்? மை புதிதாக இருந்தாலும், கதை புளுகாக இருந்தாலும், உள்ளே இருப்பது அந்தக் காலத்துச் சரக்கு. அப்போது விலையைப் பற்றி உட்கார்ந்து பேசலாம். மேல் எழுத்து பிற்பாடு அடித்தது என்று லென்ஸில் தெரிந்தால் விலை பாதிக்கும் கீழே போக வேண்டும் என்பது என் கணக்கு.

எதற்குமே அசையாத சிப்பாக இருந்தால்தான் சங்கடம். செத்த சிப் பொய்யும் சொல்லாது, உண்மையும் சொல்லாது. அந்த வியாபாரி 'இதெல்லாம் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற பொருள், கரண்ட் கொடுக்கக் கூடாது' என்று ஆரம்பித்தாலும் அதே நிலைமைதான். அப்படிப் பேசுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சோதிக்க விடாத சிப்புக்குச் சோதிக்காத சிப்பின் விலைதான், சில நூறு ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா வேண்டாம்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள். சண்டை பிடிக்க வேண்டாம், டூப்ளிகேட் என்ற வார்த்தையையே எடுக்க வேண்டாம். 'அண்ணா, எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே மீதியைக் கொடுத்துவிடுகிறேன், நீங்களும் கூட வாருங்கள்' என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 90 கிலோமீட்டர் வரச் சங்கடப்பட மாட்டார், 32,000 ரூபாய் விஷயமாயிற்றே. சாக்குப் போக்குச் சொன்னால் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். அந்த 3,000 வராமல் போனாலும் மிச்சம் 29,000 உங்கள் கையில் இருக்கிறது.

சிப்பைக் கொண்டுவரும்போது தெர்மோகோலில் குத்திக்கொண்டு வந்துவிடாதீர்கள், ஸ்டேட்டிக்கில் செத்துவிடும். சமையலறை அலுமினியத் தாளைக் கால்களோடு ஒட்டினாற்போல் சுற்றி, சின்ன டப்பாவில் பஞ்சு வைத்துக் கொண்டுவாருங்கள். வழியில் யார் கேட்டாலும் சாக்கெட்டில் அழுத்திக் காட்ட வேண்டாம், வெள்ளைச் சிப்பின் கால்கள் பக்கவாட்டில் பற்றவைத்தவை, இரண்டு தடவை வளைந்தால் மூன்றாவது தடவை கையோடு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையில் இருப்பேன். அந்த லென்ஸ் என்னிடம் இருக்கிறது, உங்கள் யூனிட்டில் எமரித் தாள் மிச்சம் கிடந்தால் ஒரு துண்டு எடுத்து வாருங்கள், உடைந்த செராமிக் சிப் ஒன்று வைத்திருக்கிறேன், தேய்த்தே காட்டுகிறேன்.